ஆற்றங்கரையில் போய்ப் படுக்கச் சொன்னது யார்?

ஜூலை 14 காலை. கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே வழக்கம்போல நின்றிருந்தோம். மலர்வளையம் வைத்தார்கள், இரண்டு நாட்டுப் பாட்டும் ஆயிற்று. எங்கள் கூட்டத்தில் மூத்தவரான சொல்தா அண்ணன் (புதுச்சேரிக்கு வெளியே இருப்பவர்களுக்கு: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவரை நாங்கள் சொல்தா என்போம்) மார்பில் பதக்கங்களோடு நின்று மரியாதை செலுத்திவிட்டு வந்தார். காப்பி குடிக்கப் போனோம். பேச்சு டெக்சாஸ் வெள்ளத்துக்குத் திரும்பியது. என் மகள் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியும்.

"பொண்ணு, மாப்பிள்ள, பசங்கல்லாம் பத்திரம்தானே?" என்றார்.

"பத்திரம்தாண்ணே. அவங்க இருக்கறது சான் அன்டோனியோ. அந்தத் தண்ணி அங்க வரல" என்றேன்.

"பாவம்தான். ஆனா ஒண்ணு கேக்கறேன். வீடு இல்லையா, வாசல் இல்லையா? இவங்கள எவன் ஆத்தங்கரையில போய்ப் படுக்கச் சொன்னது?"

மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை. எப்போதுமே வராது. விவாதம் முடிந்து படி இறங்கும்போது வருகிற புத்திக்குப் பிரெஞ்சில் 'எஸ்ப்ரி தெ லெஸ்கலியே' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், படிக்கட்டுப் புத்தி. என் வீட்டுக்காரிக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் என்னைப் பற்றி இதையேதான் ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு வராத பதிலை இங்கே எழுதுகிறேன். அண்ணன் இந்தப் பக்கத்தைப் படிப்பவர். கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் மறுநாள் காலை ஐந்தரைக்கு நடக்க வந்துவிடுவார்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 2025 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுமுறை. டெக்சாஸ் மாநிலத்தின் நடுவில் ஹில் கன்ட்ரி என்கிற குன்றுப் பிரதேசத்தில் குவாடலூப் ஆறு ஓடுகிறது. அடியில் சுண்ணாம்புப் பாறை, மேலே மெல்லிய மண். மழை பெய்தால் உள்ளே இறங்காது, அப்படியே வழிந்து ஓடையில் விழும். அந்தப் பகுதிக்கே 'திடீர் வெள்ளச் சந்து' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அன்று விடியற்காலை, லெப்டினன்ட் கவர்னர் சொன்ன கணக்குப்படி, 45 நிமிஷத்தில் ஆறு 26 அடி உயர்ந்தது. எங்கள் வீட்டு மொட்டை மாடி தரையிலிருந்து 23 அடி. நான் அளந்து பார்த்தேன். மாநிலம் முழுவதும் 130-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கெர் கவுன்ட்டி என்ற ஒரே பகுதியில் மட்டும் 115-க்கும் மேல். பெண் குழந்தைகளுக்கான ஒரு கோடைக்கால முகாமில் சிறுமிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட இளம்பெண்களுமாக 27 பேர்.

செத்தவர்கள் எல்லோரும் கூடாரம் போட்டு உல்லாசமாகப் படுத்திருந்தவர்கள் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முகாமில் இருந்த குழந்தைகள் உண்டு, ஆற்றோரம் வண்டி வீடுகளை நிறுத்தித் தங்கியவர்கள் உண்டு. ஆனால் வருஷக்கணக்காகக் குடியிருந்த சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில் படுத்திருந்தவர்களும் உண்டு. அண்ணன் கேட்ட "வீடு இல்லையா வாசல் இல்லையா" அவர்களுக்கு எப்படிப் பொருந்தும்?

அந்தக் கேள்வி என்னை உறுத்தியதற்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது. அந்த ஆற்றின் கரையில் நானும் ஒரு ராத்திரி படுத்திருக்கிறேன்.

2019 மார்ச் கடைசியில், மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது. வந்து பத்து நாளாக வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேன், கடைக்குப் போகக்கூடக் கார் வேண்டும், எனக்குப் பொழுது போகவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை, "மாமா, ஒரு நாள் டென்ட் போட்டு ஆத்தங்கரையில தங்கலாமா?" என்றார். எழுபதை நெருங்குகிறவனைத் தரையில் படுக்கக் கூப்பிடுகிறாரே என்று வீட்டுக்காரி முணுமுணுத்தாள். போனோம். குவாடலூப் ஆறு மாநிலப் பூங்கா. பூங்கா என்றதும் நம் பாரதி பூங்கா மாதிரி இரும்புக் கம்பியும் சிமென்ட் பெஞ்சும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். காடு ஐயா, காடு. நடுவே ஆறு, இரண்டு பக்கமும் ஆலமரம் போல வேர் விட்டு நிற்கும் சைப்ரஸ் மரங்கள், சாலை ஓரமெல்லாம் நீலப் பூ.

வாசலில் ஆளுக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம், பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். ராத்திரி தங்குவதற்கு ஓர் இடத்துக்கு இருபது டாலர் சொச்சம். அந்த இடத்தில் எட்டுப் பேர் வரை படுக்கலாம். ஒரு மேஜை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், ஒரு தண்ணீர்க் குழாய். சற்று நடந்தால் சுத்தமான கழிப்பறை, வெந்நீர் வரும் குளியலறை. பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. பக்கத்து இடத்தில் ஒரு மெக்சிகோ குடும்பம், பாட்டி முதல் கைக்குழந்தை வரை. இந்தப் பக்கம் கல்லூரிப் பையன்கள். லட்சாதிபதி யாரும் அங்கே இருந்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே மேஜை, ஒரே குழாய்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஆற்றை ஒட்டிய மணலில் பகலில்தான் இருக்கலாம். நாங்கள் கூடாரம் போட்ட இடம் மேட்டில் இருந்தது. ஆற்றுக்குப் போய்வர இறங்கி ஏற வேண்டும். எனக்கு மூட்டு வலி, "கிட்டக்கப் போடக் கூடாதா" என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். "விட மாட்டாங்க மாமா" என்றார்.

சாயங்காலம் ஒரு கிழவர் சின்ன வண்டியில் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். முழங்கால் வரை கால்சட்டை, தலையில் தொப்பி. அவர் சம்பள ஊழியர் இல்லையாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் வண்டி வீட்டோடு வந்து சில மாதங்கள் அந்தப் பூங்காவிலேயே இலவசமாகத் தங்கி, அதற்கு ஈடாக இப்படிச் சுற்றிப் பார்த்துக்கொள்வார்களாம். வந்தவர் விறகு இருக்கிறதா என்று கேட்டார், பேரனிடம் ஏதோ வேடிக்கை பேசினார். போகும்போது மேற்கே கையைக் காட்டி, மழை பெய்து நான் வந்து ஹாரன் அடித்தால் சாமானைப் பார்க்காதீர்கள், செருப்பைத் தேடாதீர்கள், அந்தச் சாலையில் ஏறி நடங்கள் என்றார். வானம் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. இருந்தாலும் எல்லாக் கூடாரத்துக்கும் போய் அதே மேற்கே கையைக் காட்டிவிட்டுத்தான் போனார்.

அண்ணன் கேட்ட கேள்விக்கு அந்தக் கிழவர் காட்டிய கைதான் என் பதில்.

ஆற்றங்கரையில் மனிதன் படுப்பான். படுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். எங்கள் தாத்தா வருஷத்தில் மூன்று மாதம் ஆற்றில்தான் படுத்தார். பாகூர் கொம்யூனில், தென்பெண்ணைக்கு வடகரையில் எங்கள் ஊர். கோடையில் ஆறு வற்றி மணல் தெரியும்போது தர்பூசணியும் வெள்ளரியும் போடுவார்கள். ஊற்றுத் தோண்டி, குடத்தால் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டும். காய் பிடித்த பிறகு நரிக்கும் திருடனுக்கும் காவல். ஓலைக் குடிசைக்குள் கயிற்றுக் கட்டில், ஓர் அரிக்கேன் விளக்கு. பள்ளிக்கூட விடுமுறையில் நானும் போய்ப் படுப்பேன். அந்த மணல் பகலில் காலைச் சுடும், நடுநிசிக்கு மேல் ஈரத் துணி மாதிரி குளிர்ந்துவிடும். லுவார் ஆறு எந்த மலையில் பிறக்கிறது, கரோன் எந்தக் கடலில் விழுகிறது என்று பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் ஒப்பித்துக்கொண்டிருந்த பையன் நான். தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது என்பது எங்கள் பூகோளப் புத்தகத்தில் இல்லை. அதை அந்தக் குடிசையில் தாத்தா சொல்லித்தான் கேட்டேன். "மேக்கால மைசூர் சீமையில மழ பேஞ்சா இங்க வானம் வெளுப்பா இருக்கறப்பவே தண்ணி வரும்டா" என்பார். மேற்கே உள்ள ஊர்க்காரர்கள் தண்ணீர் வருகிறது என்றால் ஆள் அனுப்புவார்கள். எங்கள் ஊரில் தமுக்கு அடிப்பார்கள். ராத்திரி எந்நேரமானாலும் அடிப்பார்கள். தமுக்குக்காரர் குடிசை குடிசையாக வந்து எழுப்பி, ஆள் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் அடுத்த குடிசைக்குப் போவார்.

தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவைச் சொல்லவே வேண்டாம். சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு ஆற்றில் இறங்கும். என் சின்ன வயதில் முந்தின நாளே வண்டி கட்டிக்கொண்டு வந்து மணலில் தங்கிவிடுவார்கள். புளியோதரை மூட்டை, சிறுவள்ளிக்கிழங்கு, அவிழ்த்துவிட்ட மாடுகளின் மணிச் சத்தம். அவர்களைப் பார்த்து யாரும் "ஆத்துல போய்ப் படுக்கச் சொன்னது எவன்" என்று கேட்டதில்லை.

அண்ணனுக்கு நினைவிருக்கும், இருக்க வேண்டும்: 1987 ஜூலை 14. அதே ஜூலை 14. பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் லெ கிரான் போர்னான் என்ற ஊர். போர்ன் என்கிற சின்ன ஆற்றின் கரையில் கூடார மைதானம். தேசிய விழா விடுமுறை, மாலை நேரம், மலையில் இடிமழை. ஆறு பொங்கி மைதானத்துக்குள் புகுந்தது, 23 பேர் போனார்கள். நான் அப்போது அல்லியான்ஸ் நூலகத்துக்கு வாரம் தவறாமல் போய்ப் பாரிஸ் பத்திரிகைகளைப் பழசானாலும் விடாமல் படிப்பவன். அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன். மரத்தில் தொங்கிய கூடாரத் துணி.

மூன்றே நாள் கழித்து, 1987 ஜூலை 17, டெக்சாஸில், இதே குவாடலூப் ஆற்றில், கம்ஃபர்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு தேவாலய முகாமிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்த பேருந்தை வெள்ளம் பிடித்தது. பத்துப் பிள்ளைகள், எல்லாரும் பதின்வயது. ஒரே வாரம், இரண்டு கண்டம், இரண்டு ஆற்றங்கரை. இந்த இரண்டாவது செய்தியை நான் அப்போது அறியவில்லை, சென்ற மாதம்தான் படித்தேன். படித்ததும் அடுத்து என்ன செய்தார்கள் என்று இரண்டு பக்கமும் தேடிப் பார்த்தேன். குமாஸ்தா புத்தி. செய்தியைவிட அதற்குப் பின்னால் வந்த கோப்பைத்தான் கண் தேடும்.

பிரான்ஸில் செத்தவர்களின் குடும்பங்கள் வழக்குப் போட்டன. பத்து வருஷம் இழுத்தது. ஆனால் லியோன் மேல்முறையீட்டு நிர்வாக நீதிமன்றம் 1997-ல் அந்த ஊர்க் கொம்யூனும் பிரெஞ்சு அரசும் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. வெள்ளம் வரும் இடத்தில் மைதானம் நடக்க விட்டது யார் என்பதுதான் அங்கே கேள்வியாக இருந்தது. கூடாரத்தில் படுத்தவனைப் பார்த்து "உன்னை யார் படுக்கச் சொன்னது" என்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை. அதற்கு முன்பே 1994 ஜூலை 13-ல் ஓர் ஆணை வந்துவிட்டது. இயற்கை ஆபத்துள்ள இடத்தில் கூடார மைதானம் நடத்துகிறவர்கள் தங்குபவர்களுக்கு ஆபத்தைச் சொல்ல வேண்டும், எச்சரிக்க ஏற்பாடு வேண்டும், வெளியேற்றும் வழி வேண்டும் என்று. அதன் பிறகு பிரான்ஸில் கூடார மைதானத்தில் யாருமே சாகவில்லை என்று சொல்ல மாட்டேன், அது பொய்யாகிவிடும். ஆனால் ஆற்றங்கரை மைதானங்களை இழுத்து மூடிவிடவும் இல்லை. இன்றைக்கும் கோடையில் சாதாரணக் குடும்பங்கள் கொம்யூன் நடத்தும் மைதானங்களில் குறைந்த செலவில் ஆற்றோரம் தங்குகிறார்கள். பாரிஸ் பக்கம் இருக்கும் என் அண்ணன் மகன் பிள்ளைகளோடு வருஷா வருஷம் போகிறான்.

டெக்சாஸ் பக்கத்துக் கோப்பு வேறு மாதிரி. அபாய ஒலிச் சங்கு வைப்பது பற்றிக் கெர் கவுன்ட்டியில் பத்து வருஷத்துக்கு முன்பே பேசியிருக்கிறார்கள். செலவு என்றார்கள். சங்கு ஊதினால் அமைதி கெடும் என்று ஆட்சேபித்தவர்களும் உண்டாம். கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலர் மானியத்துக்கு எழுதிப் போட்டார்கள். கிடைக்கவில்லை. கிடைக்காத கோப்பு என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2025 ஜூலை 3 பிற்பகலே வானிலை நிலையம் வெள்ள முன்னறிவிப்புக் கொடுத்திருந்தது. நள்ளிரவு தாண்டி 1.14-க்கு எச்சரிக்கை. 4.03-க்கு உச்சக்கட்ட எச்சரிக்கை. எல்லாம் கைப்பேசிக்கு. மலைச் சந்தில் சிக்னல் இல்லாத கைப்பேசி, தலைமாட்டில் அணைத்து வைத்த கைப்பேசி, பிள்ளைகளிடம் இருக்கக் கூடாது என்று முகாமில் விதி வைத்த கைப்பேசி. அறிவிப்பு அனுப்பப்பட்டது, தூங்கினவன் எழுந்தானா என்று பார்க்கத் தமுக்குக்காரர் இல்லை.

அதே ஆற்றில் கீழே இருக்கிற கம்ஃபர்ட்டில் சங்கு இருந்தது. 1987-ல் பிள்ளைகளைப் பறிகொடுத்த வட்டாரம் அல்லவா, சங்கைப் புதுப்பித்து வைத்திருந்தார்கள். அன்று ஊதினார்கள். சனங்கள் மேடேறினார்கள். அந்த ஊரில் ஒரு சாவு இல்லை. ஒரே ஆறு, ஒரே வெள்ளம். இதைப் படித்த பிறகும் ஆற்றங்கரையில் படுத்தவன்மேல் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை.

2025 செப்டம்பர் 5-ல் அவர்களும் சட்டம் கொண்டுவந்தார்கள். வெள்ளம் பரவும் நிலத்தில் பிள்ளைகள் தூங்கும் கட்டடம் வைத்தால் முகாமுக்கு உரிமம் கிடையாது. சங்குக்கும் பணம் ஒதுக்கினார்கள். 38 வருஷம்.

சரி, அண்ணன் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. தண்ணீருக்குக் கிட்டப் போகப் போக வாடகையை ஏற்றும் முதலாளிகள் எல்லா ஊரிலும் உண்டு. ஜன்னலைத் திறந்தால் ஆறு காலடியில் தெரிய வேண்டும் என்று பணத்தைக் கொட்டுகிறவர்களும் உண்டு. ஆபத்து அதிகமான வரிசைக்குத்தான் விலை அதிகம், விசித்திரம். இது அங்கே மட்டுமில்லை. நம் பக்கமும் ஆற்றோரம் ராத்திரி தங்க வேண்டுமென்றால் ரிசார்ட் என்று பலகை மாட்டியவனிடம்தான் போக வேண்டும். என் ஓய்வூதியத்தில் இரண்டு ராத்திரிக்குக் கட்டுப்படியாகாது. சுண்ணாம்பாற்றில் படகேறிப் பாரடைஸ் பீச் போகலாம், சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும். சாதாரணக் குடும்பம் ஒன்று ஒரு மேஜை, ஒரு குழாய், ஒரு கழிப்பறை, ஒரு காவல்காரர் உள்ள இடத்தில் இருநூறு ரூபாய் கட்டி ஆற்றைப் பார்த்துக்கொண்டு ஒரு ராத்திரி படுக்க இங்கே வழி உண்டா? "நம்ம ஆளுங்க குப்பையைப் போட்டு நாசம் பண்ணிடுவாங்க" என்பது தயாராக இருக்கும் பதில். டெக்சாஸ் பூங்காவில் நாங்கள் போய் இறங்கியபோதும் முன்பு தங்கியவர்கள் போட்ட பீர் டப்பா இரண்டு கிடந்தது. அந்தக் கிழவர் குனிந்து எடுத்தார். குப்பையை எடுக்க ஆள் போடலாம், போட்டவனிடம் அபராதம் வாங்கலாம். இடத்தையே கொடுக்காமல் இருப்பது எதற்கு?

நாம் என்ன செய்கிறோம் தெரியுமா? பலகை வைக்கிறோம். இதை மற்றவர்கள்மேல் பழியாகச் சொல்லவில்லை. பலகை வைத்தவர்களில் ஒருவன் எழுதுகிறேன்.

எண்பதுகளில், நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தது. எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. ஆற்றில் மணல் அள்ளிய பள்ளத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் மூழ்கிவிட்டார்கள், பன்னிரண்டும் ஒன்பதும். ஊர்க்காரர்கள் கேட்டது மூன்று: பள்ளத்தை மூட வேண்டும், திருவிழா நாட்களில் கயிறு கட்ட வேண்டும், நீச்சல் தெரிந்த ஓர் ஆளைப் பரிசலோடு நிறுத்த வேண்டும். மூன்றும் நியாயம். மூன்றுக்கும் பணம், மூன்றும் வெவ்வேறு அலுவலகம். மேலதிகாரி மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு போர்டு வெச்சுடலாம்னு நோட் போடுய்யா" என்றார். போட்டேன். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், குறிப்பும் நன்றாக எழுதுவேன் என்று பெயர். 'ஆழமான பகுதி, குளிக்கத் தடை.' தகரப் பலகை, சிவப்பு எழுத்து, இரண்டு இரும்புக் கால். பலகை நட்ட ரசீது வந்ததும் கடைசிக் குறிப்பையும் நானே எழுதினேன்: எச்சரிக்கைப் பலகை நிறுவப்பட்டுவிட்டதால் மேல்நடவடிக்கை தேவையில்லை, கோப்பை முடித்துவைக்கலாம்.

மூன்றாம் வருஷம் அதே பள்ளத்தில் இன்னொரு பையன். ஆறு வயது. பலகையைப் படிக்கத் தெரியாத வயது.

புதிய மனு எதுவும் வரவில்லை. வந்திருந்தால் பழைய கோப்பை எடுத்து வைத்து, பலகை ஏற்கெனவே இருக்கிறது என்று எழுதியிருப்பேன். அந்த எழுத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. "எவன் படுக்கச் சொன்னது", "எவன் குளிக்கச் சொன்னது" என்பதெல்லாம் அந்தத் தகரப் பலகையின் வாய்மொழி வடிவம் அண்ணே. சொல்லிவிட்டால் நமக்கு வேலை முடிந்தது.

2024 டிசம்பரை மறக்கவில்லையே? நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அது போதாதென்று மேற்கேயும் கொட்டி, சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 விடியற்காலை இருட்டில் 1,68,000 கன அடி திறந்தார்கள். திறக்காவிட்டால் அணைக்கே ஆபத்து என்றார்கள், ஐந்து முறை எச்சரித்தோம் என்றார்கள். இருக்கலாம். சாத்தனூரிலிருந்து எங்கள் ஊர் நூறு கிலோமீட்டருக்கு மேல். தண்ணீர் வந்து சேர மணிக்கணக்கில் நேரம் இருந்தது. என் தங்கை வீடு இருக்கும் தெருவுக்கு எச்சரிக்கை வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. தங்கை மகன் கைப்பேசியில் ஏதோ செய்தி வந்து கிடந்ததாம், இரண்டு நாளாகக் கரண்ட் இல்லாமல் கைப்பேசி அணைந்து போயிருந்தது. அவளையும் மருமகளையும் பக்கத்து மாடி வீட்டில் ஏற்றிவிட்டார்கள். கறவை மாடு ஒன்று கட்டுத்தறியிலேயே போயிற்று. கயிற்றை அறுக்க நேரம் இல்லை.

தங்கை உல்லாசப் பயணம் போகவில்லை. எங்கள் அப்பா கட்டிக்கொடுத்த வீட்டில், தன் பாயில் படுத்திருந்தாள். அவளிடம் போய் "ஆத்தங்கரையில படுக்கச் சொன்னது யாரு" என்று அண்ணன் கேட்பாரா? கேட்க மாட்டார், அவள் கையால் மீன் குழம்பு சாப்பிட்டவர்.

மகளோடு ஜூலையில் பேசியபோது, இனிமேல் பேரன்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போவாயா என்று கேட்டேன். "போவோம்பா. அந்தப் பார்க்குக்கேதான் போவோம். மேட்டுலதானே படுக்கறோம்" என்றாள். பெரியவன் போனை வாங்கி, "தாத்தா, அந்த ஹாரன் தாத்தா இருப்பாரா?" என்றான். ஆறு வருஷம் ஆகியும் அவரை நினைவு வைத்திருக்கிறான்.

வரும் தைத் திருவிழாவுக்கு முன்னால் ஒரு மனு எழுதியிருக்கிறேன். கேட்டிருப்பது நான்கு. ஆற்றோரத் தெருக்களுக்குக் கையால் சுற்றும் சங்கு, கரண்டை நம்பாதது. அதை ஊத ஊருக்கு இரண்டு பேர், பெயர் போட்டு. திருவிழாவுக்கு முன் பள்ளங்களைச் சுற்றிக் கயிறு, பரிசலோடு ஓர் ஆள். நான்காவதாக, கரைக்கு மேலே புறம்போக்கு மேட்டில் குடும்பங்கள் ராத்திரி தங்க ஒரு மைதானம், குழாய், கழிப்பறையோடு. நாலாவதைப் பார்த்துச் சிரிப்பார்கள், தெரியும். சிரித்துக்கொண்டே மூன்றையாவது கொடுக்கட்டும் என்றுதான் வைத்தேன். கோப்பு எப்படி நகரும் என்று தெரிந்தவன் எழுதிய மனு, எந்த மேசையிலும் திருப்பி அனுப்பக் காரணம் கிடைக்காது. பலகை வேண்டாம் என்று கடைசி வரியில் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன்.

பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பன்னிரண்டாவது இடம் காலியாக இருக்கிறது, அண்ணனுக்காக. நாளைக் காலை நடக்க வரும்போது பேனா எடுத்து வருகிறேன்.